வாசகர் கேள்வி – பதில்: டான்யூப் கரையில் ஒரு திராட்சை ஊர்

ஆஸ்திரியாவில் டான்யூப் நதி பாயும் வாஹவ் பள்ளத்தாக்கைப் பற்றியும், அங்குள்ள ஸ்பிட்ஸ் என்னும் சிற்றூரைப் பற்றியும் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்து விடையளித்திருக்கிறோம்.

கேள்வி: என் மகளும் மாப்பிள்ளையும் வியன்னாவில் வேலை பார்க்கிறார்கள். விடுமுறையில் ஸ்பிட்ஸ் என்ற ஊருக்குப் போய்வந்து, மலை முழுவதும் படி வெட்டி வைத்ததுபோல் இருக்கும் படங்களை அனுப்பினார்கள். அது என்ன ஊர்? எதற்காக இத்தனை படிகள்?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: தங்கள் மகள் அனுப்பிய படத்தில் இருப்பவை திராட்சைக் கொடிகள் நிற்பதற்காக மலைச்சரிவில் கட்டிய மேடைகள், ஆச்சி. வியன்னாவுக்கு மேற்கே, மெல்க் நகருக்கும் கிரெம்ஸ் நகருக்கும் இடையில், டான்யூப் நதி கடினமான பழம்பாறையை அறுத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடும் சுமார் 35 கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளத்தாக்குக்கு வாஹவ் என்று பெயர். அந்தப் பள்ளத்தாக்கின் நடுவில், ஆற்றின் வடகரையில் இருக்கிறது ஸ்பிட்ஸ். இரண்டாயிரம் பேர்கூட வசிக்காத ஊர் அது. ஊருக்கு நடுவிலேயே ஒரு குன்று எழுந்து நிற்கிறது. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் அந்த ஒரு குன்றே ஆயிரம் வாளி ஒயின் தரும் என்று சொல்லி, அதற்கு ஆயிரம் வாளிக் குன்று என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அக்கால வாளி ஒன்று சுமார் 56 லிட்டர் கொள்ளும் என்பதால், கணக்குப் பார்த்தால் ஐம்பத்தாறாயிரம் லிட்டர் வருகிறது. ஊர்ப்பெருமை பேசுவோர் எந்த நாட்டிலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்றாலும், குன்றின் அளவைப் பார்க்கும்போது இது நம்ப முடியாத கணக்கும் இல்லை.

படிகள் எதற்காக என்பதற்கு விடை வெயிலில் இருக்கிறது. அந்த இடம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 48 பாகையில் அமைந்திருப்பதால் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. தெற்குப் பக்கமாகச் சாய்ந்தபடியே போகிறது. சமதரையில் சரிந்து விழும் அந்த வெயில், தெற்கு நோக்கிய செங்குத்துச் சரிவில் ஏறக்குறைய நேராக விழுகிறது. ஆகவே திராட்சைக்கு வேண்டிய சூடு சரிவில்தான் கிடைக்கும். ஆனால் சரிவில் மண் நிற்காது, மழையில் வழிந்து ஆற்றுக்குப் போய்விடும். இந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையே கண்ட உடன்பாடுதான் கற்சுவர் எடுத்து மண்ணைத் தேக்கிய அந்த மேடைகள். கிழக்கே ஹங்கேரிச் சமவெளியிலிருந்து பகலில் வெப்பக் காற்று ஏறிவருகிறது. இரவில் வடமேற்குக் காட்டுமேட்டிலிருந்து குளிர்காற்று இறங்குகிறது. பகல் சூட்டில் பழத்தில் சர்க்கரை ஏறும், இரவுக் குளிரில் அதன் புளிப்பும் மணமும் குறையாமல் நிற்கும். அங்கு விளையும் குரூனர் வெல்ட்லீனர், ரீஸ்லிங் என்னும் இரண்டு வெள்ளைத் திராட்சை வகைகளும் பெயர் பெற்றதற்கு முக்கியக் காரணம் இதுவே.

கேள்வி: அந்தச் சுவர்களைச் சாந்தே வைக்காமல் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சுண்ணாம்பும் கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்து அரைத்துக் கட்டிய ஊர்க்காரர்கள் நாங்கள். வெறும் கல்லை அடுக்கினால் மழைக்குத் தாங்குமா?
– கட்டட வேலை பார்க்கும் வாசகர், காரைக்குடி

பதில்: தாங்கும், சாந்து வைக்காததால்தான் தாங்குகிறது. மலைச்சரிவில் மண்ணைத் தாங்கும் சுவரை இடிப்பது பெரும்பாலும் மண்ணின் பாரத்தைவிட அதற்குப் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தமே. சாந்து பூசி அடைத்த சுவரில் நீர் வெளியேற வழியில்லாமல் போனால், மழைக்காலத்தில் மண் ஊறிப் பருத்து, சுவரை வயிறு தள்ள வைத்து, பிறகு மொத்தமாகச் சாய்த்துவிடும். போதாக்குறைக்கு அந்த ஊரில் குளிர்காலத்தில் மண்ணில் உள்ள நீர் உறைந்து பனிக்கட்டியாகி விரிகிறது; அந்த விரிவுக்கு எந்தச் சாந்தும் ஈடுகொடுக்காது. கல்லை மட்டும் அடுக்கிய சுவரில் இடுக்குதோறும் நீர் கசிந்து வெளியேறிவிடுகிறது. கற்கள் இம்மியளவு அசைந்தாலும் மீண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துகொள்கின்றன.

வேலைமுறையை நீங்கள் எளிதாகப் புரிந்துகொள்வீர்கள். அடிவரிசையில் பெரிய கற்கள். மேலே போகப் போகச் சுவர் மலைப்பக்கம் சிறிது சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு கற்கள் சேரும் இடத்தின்மேல் மூன்றாவது கல் உட்கார வேண்டும். இடையிடையே நீண்ட கற்களைக் குறுக்கே உள்நோக்கிச் செலுத்திப் பின்மண்ணோடு பிணைக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் உடைகல்லும் சில்லும் நிரப்பி நீர் இறங்க இடம்விட வேண்டும். கல்லுக்கும் வெளியே போக வேண்டியதில்லை. அந்த மலையிலேயே உடைத்த கல்தான் சுவராகிறது. பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கல், இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குத் திருப்பிக் கொடுப்பதும் சாந்தும் பூச்சும் இல்லாத சுவரால் கிடைக்கும் கூடுதல் ஆதாயம்.

இப்படி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர்கள் இருக்கின்றன. இடைக்காலத்தில், இன்று ஜெர்மனியின் ஒரு பகுதியாக இருக்கும் பவேரியா நாட்டுக் கிறித்தவ மடங்கள் பலவற்றுக்கு இங்கே திராட்சை நிலங்கள் இருந்தன. ஸ்பிட்ஸ் ஊரே 1504 வரை பவேரிய ஆட்சியின்கீழ் இருந்தது. மடங்களின் நிலத்தில் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கல் அடுக்கினார்கள். சுவர் ஆங்காங்கே சரியத்தான் செய்யும். சரிந்த பகுதியை அந்த நிலத்துக்காரர் குடும்பமே குளிர்கால ஓய்வில் எடுத்துக் கட்டுகிறது. இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான் வாசகரின் கேள்விக்கு இதைத்தான் விடையாகச் சொல்லப்போகிறோம்.

கேள்வி: நம் செட்டிநாட்டுச் செம்மண்ணில் திராட்சை விளையாதா? கம்பத்தில் விளைகிறதே!
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: வீட்டுக் கொல்லையில் பந்தல் போட்டு ஒன்றிரண்டு கொடி வளர்க்கலாம், தோட்டமாகப் போட்டுப் பிழைப்பது கடினம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாஹவ் பள்ளத்தாக்கில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 500 மில்லிமீட்டர்தான். சிவகங்கை மாவட்டத்தில் பெய்வது அதைவிட அதிகம். ஆனால் அங்கே வெயிலின் கடுமை குறைவு என்பதால் நிலத்து ஈரம் எளிதில் ஆவியாகாது. போதாத காலத்துக்குச் சொட்டுநீர்ப் பாசனம் வைத்திருக்கிறார்கள். நமக்கோ வடகிழக்குப் பருவமழை மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. அந்த மூன்று மாத ஈரத்தில் கொடிக்கு அடிச்சாம்பல் நோய் வரும். மற்ற மாதங்களில் ஊரணி நீரைக் கொண்டு தோட்டம் காப்பாற்ற முடியாது. கீழே செம்புறாங்கல் தட்டும் இடங்களில் வேர் இறங்குவதும் சிரமம்.

கம்பம் பள்ளத்தாக்கின் நிலை வேறு. மேற்கு மலைத்தொடரின் அடிவாரக் குளிர்ச்சியும், 1895இல் கட்டி முடித்த முல்லைப்பெரியாற்று அணையின் நீரும் அதற்கு வாய்த்திருக்கின்றன. அங்கு விளையும் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. குளிர்காலம் என்ற ஒன்று இல்லாததால் அங்கே கொடி உறங்குவதே இல்லை. கவாத்து செய்யும் நாளைத் தள்ளித் தள்ளி வைத்து ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் அறுக்கிறார்கள். ஸ்பிட்ஸில் இலையெல்லாம் உதிர்ந்து, கொடி பனியில் மூன்று நான்கு மாதம் உறங்கி எழுந்து, ஆண்டுக்கு ஒரே ஒரு முறை காய்க்கிறது. கம்பத்துப் பழத்தில் பெரும்பகுதி உண்பதற்கு விற்பனையாகிறது. வாஹவில் விளைவது ஏறக்குறைய முழுவதும் பிழிவதற்கே.

கேள்வி: அங்கே இயந்திரமும் துடுப்பும் இல்லாமல் ஆற்றைக் கடக்கும் படகு ஒன்று இருக்கிறதாமே. நம்பலாமா?
– கோனாபட்டிலிருந்து ஒரு மாணவர்

பதில்: நம்பலாம். ஸ்பிட்ஸுக்கும் எதிர்க்கரையில் உள்ள ஆர்ன்ஸ்டார்ஃப் ஊருக்கும் இடையே ஆற்றின்மேல் உயரத்தில் ஒரு இரும்புவடம் கட்டியிருக்கிறது. அதில் உருளும் கப்பியிலிருந்து இறங்கும் கம்பி படகைப் பிடித்துக்கொள்வதால், படகு நீரோட்டத்தோடு அடித்துச் செல்லப்படாது. படகோட்டி சுக்கானைத் திருப்பிப் படகை நீரோட்டத்துக்குக் குறுக்காகச் சற்றே சாய்த்து நிறுத்துகிறார். நீர் சாய்ந்த பக்கத்தில் மோதும்போது ஏற்படும் விசையின் ஒரு பகுதியை வடம் தாங்கிக்கொள்கிறது. மறுபகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. திரும்பி வரும்போது சாய்வை மாற்றினால் போதும். உங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் விசைப் பகுப்பு இதுதான். ஆள் மட்டுமன்றிக் காரும் அதில் ஏறுகிறது. டான்யூபின் வேகம் குறையாமல் இருப்பதால்தான் இது நடக்கிறது. அணை கட்டித் தேக்கியிருந்தால் இந்தப் படகு நின்றுபோயிருக்கும். அந்த அணைக் கதையைப் பிறகு சொல்கிறோம்.

கேள்வி: வில்லண்டார்ஃப் சிலை கிடைத்தது இந்தப் பக்கம்தானா?
– கண்டனூர் வாசகி

பதில்: ஆம், ஸ்பிட்ஸிலிருந்து ஆற்றின் மேற்போக்கில் சில கிலோமீட்டர் தூரத்தில். பள்ளத்தாக்கில் ரயில்பாதை போட்டபோது நடந்த அகழாய்வில், 1908 ஆகஸ்ட் 7 அன்று அது கிடைத்தது. சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய, 11 சென்டிமீட்டர் உயரமே உள்ள பெண்ணுருவம். ஏறக்குறைய 30,000 ஆண்டுப் பழமையானது. மூலச்சிலை வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆற்றின் கீழ்ப்போக்கில் டியூர்ன்ஸ்டைன் என்னும் இன்னொரு சிற்றூர். சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192இன் இறுதியில் பிடித்து, அந்த ஊர்க் குன்றின்மேல் இருந்த கோட்டையில்தான் அடைத்து வைத்தார்கள். அவரை மீட்க இங்கிலாந்து கொடுத்த பணயத்தொகை மிகப் பெரியது. 1645இல் சுவீடன் நாட்டுப் படை கோட்டையைத் தகர்த்தது. இப்போது அங்கே இடிபாடு மட்டுமே. ஏறிப் பார்த்தால் ஆற்றின் வளைவு முழுவதும் தெரியும்.

கேள்வி: வாஹவ் பள்ளத்தாக்குக்கு யுனெஸ்கோ பட்டம் கிடைத்து ஊரெல்லாம் பிழைத்துக்கொண்டது என்கிறார்கள். நம் செட்டிநாட்டு ஊர்களுக்கும் அப்பட்டம் கிடைத்துவிட்டால், பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகள் எல்லாம் பிழைத்துவிடும் அல்லவா?
– கானாடுகாத்தான் வாசகர்

பதில்: தங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆயினும் காரணத்தையும் விளைவையும் தாங்கள் இடம் மாற்றி வைத்திருக்கிறீர்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

வாஹவ் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில். அதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் அதைக் காப்பாற்றி முடித்திருந்தார்கள். 1970களில் டான்யூபின் குறுக்கே அங்கே ஒரு நீர்மின் நிலையம் கட்டும் திட்டம் வந்தது. ஆஸ்திரியாவில் டான்யூப் நதி ஓடும் நீளத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே மின்நிலையங்களால் தேங்கிய நீராக மாறிவிட்டது. தடையின்றி ஓடும் நீட்சிகள் இரண்டே இரண்டு, ஒன்று வாஹவ், மற்றொன்று வியன்னாவுக்குக் கிழக்கே. ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்துப் பல ஆண்டுகள் எதிர்த்து, 1980களில் திட்டம் கைவிடப்படும்வரை ஓயவில்லை. திராட்சை உழவர்களோ 1983இல் தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தி, வாஹவில் விளைந்த பழத்தை மட்டுமே பயன்படுத்துவது, கையால் மட்டுமே அறுவடை செய்வது என்று கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1985இல், ஆஸ்திரிய வியாபாரிகள் சிலர் ஒயினில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளைக் கலந்தது வெளிப்பட்டு நாட்டின் ஒயின் ஏற்றுமதியே சரிந்தபோது, முன்னரே கட்டுப்பாடு விதித்துக்கொண்ட இவர்களுடைய பெயர் நின்றது. நல்ல பெயரால் நல்ல விலை கிடைத்தது. நல்ல விலை கிடைத்ததால், இயந்திரம் ஏற முடியாத மேடையில் கையால் வேலை செய்வதும் சரிந்த சுவரை எடுத்துக் கட்டுவதும் கட்டுப்படியாயிற்று. அழகு நின்றது அப்படித்தான். அதைப் பார்த்துத்தான் பட்டம் வந்தது.

நம் பக்கம் வருவோம். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை இந்திய அரசு 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பட்டியலில் இருப்பது முதற்படி. அதற்குமேல் நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால் அடிப்படை வேற்றுமை ஒன்றை மறக்கக்கூடாது. ஸ்பிட்ஸின் சுவர்களைக் கட்டிய பணம் அந்தச் சுவர்களுக்குப் பின்னால் இருக்கும் மண்ணிலேயே விளைந்தது, இன்றும் விளைகிறது. நம் வீடுகளைக் கட்டிய பணம் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் சம்பாதித்தது. பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கப்பலில் வந்து இறங்கிய காலம் அது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும், விடுதலைக்குப்பின் பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கியதும் அந்த ஊற்றை அடைத்துவிட்டன. வீடு நின்றது, வீட்டைத் தாங்கிய வருவாய் போய்விட்டது. முகப்பும் வளவும் பட்டாலையும் உள்ள ஒரு வீட்டுக்கு இன்று எத்தனை பங்குதாரர்கள் என்பது தங்களுக்கே தெரியும். அவர்களில் ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில் இருக்க, ஒழுகும் கூரை ஓட்டை மாற்ற யார் கையெழுத்துப் போடுவது என்பதிலேயே பத்து மழைக்காலம் கழிந்துவிடுகிறது. முடிவில் தூண் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போகிறது.

ஆகவே பட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை, வந்தால் வரவேற்போம். ஆனால் பட்டம் வந்தால் சுற்றுலாப் பயணி வருவார், இரண்டு வீட்டைப் பார்ப்பார், படம் எடுப்பார், மதிய விருந்து உண்டு கிளம்பிவிடுவார், ஓட்டை மாற்றமாட்டார். ஊரிலேயே வருவாய் தரும் தொழில்களை முதலில் கவனிக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆத்தங்குடியில் ஓடு வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை இருக்கிறது. 2013இல் அதைப் பெற்ற, பனையோலைக் கூடையான கொட்டானை முடைவோர் இருக்கிறார்கள். வாஹவ் உழவர்கள் செய்ததுபோல், எது உண்மையான சரக்கு என்பதற்குத் தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டு, அதை மீறுகிறவரைத் தள்ளிவைக்கும் துணிவு இந்தத் தொழில்களுக்கு வந்தால், அவற்றை நம்பி ஊரில் தங்குகிறவர்கள் கூடுவார்கள். பங்காளிகள் ஒன்றுகூடி ஒரு வீட்டுக்கு ஒரே அறக்கட்டளை அமைத்துப் பராமரிப்பதும் வேண்டும். பட்டத்துக்காகக் காத்திருந்தால், அது வரும் நாளில் காட்டுவதற்கு வீடு இருக்காது.

கேள்வி: ஒயின் புட்டியின்மேல் பல்லியின் பெயர் போடுவார்களாமே, ஏன்?
– புதுவயல் வாசகர்

பதில்: மேலே சொன்ன கூட்டமைப்பு ஒயினை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறது. ஆல்கஹால் 11.5 விழுக்காட்டைத் தாண்டாத மெல்லிய வகைக்கு, மேடைகளில் வளரும் இறகு போன்ற புல்லின் பெயர், 11.5 முதல் 12.5 வரையுள்ள நடுத்தரத்துக்கு, வல்லூறு வேட்டையோடு தொடர்புடைய ஒரு பெயர், 12.5க்குக் குறையாத முதல்தரத்துக்கு, கல்லிடுக்குகளில் வெயில் காயும் மரகதப் பச்சைப் பல்லியின் பெயர். முழுக்கப் பழுக்கும்வரை காத்திருந்து, அக்டோபர் கடைசி அல்லது நவம்பரில் அறுத்த பழத்தில்தான் இந்த மூன்றாவது வகை வரும். தரம் பற்றிய விவரம் இவ்வளவே. குடிக்கச் சொல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

கேள்வி: அடுத்த ஆண்டு நானும் என் வீட்டுக்காரரும் மகளைப் பார்க்க வியன்னா போகிறோம். இருவருக்கும் மூட்டுவலி. ஒயின் பழக்கமும் இல்லை. ஸ்பிட்ஸ் போவதில் எங்களுக்கு என்ன இருக்கிறது? எப்போது போகலாம்?
– ஓர் ஆச்சி, கோட்டையூர்

பதில்: நிறைய இருக்கிறது, ஆச்சி. அந்தப் பள்ளத்தாக்கு ஒயினுக்கு இணையாக ஆப்ரிகாட் பழத்துக்கும் பெயர் பெற்றது. மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ போனால், கரையெல்லாம் ஆப்ரிகாட் பூத்து வெள்ளையாக இருக்கும். குளிர் மிச்சம் இருக்கும் என்பதால் கம்பளி கட்டாயம். ஜூலையில் போனால் பழம் கிடைக்கும். அந்தப் பழத்தை முழுதாக உள்ளே வைத்து, நம் பூரணக் கொழுக்கட்டை போல உருட்டி வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டித் தருகிறார்கள். இறைச்சி சேராத பண்டம் என்பதால் விரத நாளிலும் சாப்பிடலாம், முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். திராட்சைக் குடும்பங்கள் தங்கள் முற்றத்திலேயே உணவுக்கடை நடத்துவதும் உண்டு; சொந்த விளைச்சலை வீட்டிலேயே விற்கலாம் என்று பேரரசர் இரண்டாம் ஜோசப் 1784இல் அளித்த உரிமையின் தொடர்ச்சி அது. ஒவ்வொரு குடும்பமும் ஆண்டில் சில வாரம் மட்டுமே முறைவைத்துத் திறக்கும். வாசலில் பசுங்கிளைக் கொத்துத் தொங்கினால் அன்று கடை உண்டு என்று பொருள். திராட்சைச் சாறு கேட்டால் தருவார்கள்.

மூட்டுவலிக்கு ஏற்ற வழி படகுதான். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடையே பெரிய பயணப் படகுகள் ஓடுகின்றன. மேடைகளையும் கோட்டைகளையும் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். மெல்க்கிலிருந்து நீரோட்டத்தோடு கீழ்நோக்கி வந்தால் பயண நேரம் குறைவு. எதிர்த்துப் போனால் ஏறக்குறைய இரு மடங்கு ஆகும். காலையில் வியன்னாவிலிருந்து ரயிலில் மெல்க் போய், 1702 தொடங்கி முப்பது ஆண்டுகளுக்குமேல் கட்டிய அந்த ஊர் மடத்தையும் அதன் நூலகத்தையும் பார்த்துவிட்டு, பகலில் படகேறி, ஸ்பிட்ஸில் இறங்கிச் சாப்பிட்டு, அடுத்த படகில் கிரெம்ஸ் சேர்ந்தால், அங்கிருந்து வியன்னாவுக்கு ஒரு மணி நேர ரயில் பயணம். திரும்பும் படகின் நேரத்தை மட்டும் மாப்பிள்ளையை முன்கூட்டியே பார்த்துவைக்கச் சொல்லுங்கள். மாலையில் கடைசிப் படகு சீக்கிரமே போய்விடும்.